ஏழு பேர் உள்ள ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் சேரலாமா?

புதுகைப் பையன் கேட்டது:

வணக்கம். இந்த வருடம் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்தேன். கையில் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனி. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து டிராயிங் போடும் வேலை. பிஎஃப், இன்சூரன்ஸ், ஆபீஸ் பஸ், கேன்டீன் எல்லாம் உண்டு. இன்னொன்று, அசோக் நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் கன்சல்டன்சி, கட்டடத்தின் தூண், பீம், ஸ்லாபுக்குக் கணக்குப் போட்டு டிராயிங் கொடுக்கும் ஆபீஸ். சாரையும் சேர்த்து ஏழு பேர். சம்பளம் முதலாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இன்டர்வியூவில் சார் அதிகம் கேட்கவே இல்லை. ஒரு காகிதத்தைத் தள்ளி, "பால்கனி ஸ்லாப் வரைஞ்சு மெயின் கம்பி எங்க வரும்னு காட்டு" என்றார். மேல்பக்கம் காட்டினேன். "திங்கட்கிழமை வா" என்றார். ஆஃபர் லெட்டர் கேட்டதற்குச் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று பத்து நாள் டைம் வாங்கி வந்திருக்கிறேன்.

அப்பா கொத்தனார். "வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதானே படிக்க வச்சேன், பெரிய கம்பெனிக்கே போ" என்கிறார். என் புரொஃபசரோ சின்ன ஆபீஸுக்குப் போ, அங்கேதான் வேலை படிவாய் என்கிறார். அவர் அப்படி எங்கேயும் வேலை பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆபீஸில் இருந்தவர்கள் யாராவது, ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்ல முடியுமா?


கம்பிக்கணக்கு எழுதியது:

தம்பி, நான் 2013-இல் மேற்கு மாம்பலத்தில் இப்படி ஒரு ஆபீஸில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தேன். சேரும்போது ஐந்து பேர், கிளம்பும்போது எட்டுப் பேர். முதல் சம்பளம் 11,000 ரூபாய், கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். காலை ஏழு மணிக்கு போன் வரும். "மேடம், கம்பி கட்டியாச்சு, பத்து மணிக்கு ரெடிமிக்ஸ் வருது, வந்து பாத்துடுங்க." இந்த போன் முந்தின நாள் வந்திருக்க வேண்டும். ஒரு நாளும் முந்தின நாள் வராது. டேப்பையும் டிராயிங்கையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் மடிப்பாக்கம் போவேன். சவுக்குக் கட்டை ஏணியில் ஏறி, பீம் கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டி) இருக்கிறதா, தூணுக்குப் பக்கத்தில் ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்களா, எல்லா லேப்பையும் (ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி சேரும் இடம்) ஒரே இடத்தில் விட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பால்கனியை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். மேலே இருக்க வேண்டிய கம்பியை ஆட்கள் நடந்து நடந்தே மிதித்துக் கீழே இறக்கியிருப்பார்கள். உன்னிடம் சார் கேட்ட கேள்வி சும்மா கேட்டது இல்லை. மேல் கம்பி கீழே போனால் அந்த பால்கனியில் இருப்பது கம்பி வைத்த ஸ்லாப் இல்லை, வெறும் கான்கிரீட் பலகைதான்.

பதினொன்றரைக்கு ஆபீஸ். கட்டடக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் ஈடேப்ஸ், எங்களிடம் அதன் லைசென்ஸ் ஒன்றே ஒன்று. யாருக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்போம். ரேஷன் கடை மாதிரிதான். என் முறை மதியம் மூன்று மணிக்கு என்றால், அதுவரை கையால் கணக்குப் போடுவேன். அப்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் மூன்று மணிக்கு மெஷின் முன்னால் உட்காரும்போது விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். பெரிய கம்பெனியில் இருந்த என் வகுப்புத் தோழிக்கு அது வரவே இல்லை, அவளே சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் சார் சைட்டிலிருந்து வந்து டிராயிங் பார்ப்பார். சிவப்பு பேனா. தப்பு என்று தோன்றும் இடத்தில் ஒரு வட்டம் மட்டும் போடுவார், ஏன் என்று எழுத மாட்டார். முதல் மாதம் ஒரு பீம்-தூண் சந்திப்பில் வட்டம் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். கம்பி அளவு சரி, கம்ப்யூட்டரும் சரி என்கிறது. கடைசியில் அவரே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். பீம் அகலம் 230 மி.மீ. இரண்டு பக்கமும் கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 30, ரிங் 8. மீதி 154. அதில் நான் வைத்தது 25 மி.மீ. கம்பி நான்கு. அது 100. மிச்சம் 54, அதை மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18. "ஜல்லி 20 எம்எம். எப்படிம்மா உள்ள இறங்கும்?" என்றார். அன்றைக்குத்தான் டிராயிங்கில் நான் இழுக்கும் கோடு ஒரு பொருள் என்பதே உறைத்தது. காலேஜில் ஆறு வருடம் இருந்தும் யாரும் இதைக் கேட்டதில்லை.

அப்புறம் வீட்டு ஓனர்களோடு பேச வேண்டும். பெரிய இடத்தில் அதற்குத் தனியாக ஆள் இருப்பார், இங்கே நீதான். சென்னை 2002 வரைக்கும் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலம். அந்த வருடம் திருத்திய ஐஎஸ் 1893, அதாவது நிலநடுக்கத்துக்கான இந்திய விதிப்புத்தகம், ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தது. 2016-இல் வந்த இன்னொரு விதிப்புத்தகம் ஐஎஸ் 13920, தூணின் சின்னப் பக்கம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் சுவர் ஒன்பது இன்ச், அதாவது 230. ஆக தூண் கிட்டத்தட்ட மூன்று இன்ச் ஹாலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த மூன்று இன்ச்சுக்காக நான் போனில் பேசிய மணி நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு எம்.இ. முடித்திருக்கலாம். "பக்கத்து வீட்ல ஒம்பது இன்ச்லயே போட்டுருக்காங்களே", "பீரோ உக்காராதே", "எங்க மச்சான் சிவில்தான், தேவையில்லங்கறார்". இந்த மச்சான்களைச் சமாளிக்க எந்த விதிப்புத்தகத்திலும் பிரிவு கிடையாது.

நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்துபோனார்கள். எங்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை சார் எல்லோரையும் வரச் சொன்னார். நடந்துகொண்டிருந்த எல்லா வேலையின் ஃபைலையும் தரையில் பரப்பினோம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணக் கூடாது என்றார். ஒவ்வொரு தூணும் எத்தனை சதுர மீட்டர் தாங்குகிறது, மாடிக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் எடை என்று வைத்தால் அடியில் எவ்வளவு வருகிறது, டிராயிங்கில் இருக்கும் தூணுக்கு அது போதுமா என்று கால்குலேட்டரில் போட்டோம். ராத்திரி எட்டு மணி ஆனது. இரண்டு தூணில் எங்களுக்கே திருப்தி இல்லை, அந்த மாடி இன்னும் எழும்பவில்லை என்பதால் மாற்றிக் கொடுத்தோம். அந்த ஞாயிறுக்கு யாருக்கும் ஓவர்டைம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்று மதியம் சார் வாங்கிவந்த லெமன் சாதம்கூடப் பாதி அப்படியே இருந்தது.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரம் மாதிரி ஆகிவிடும். 2017-இல் நன்மங்கலத்தில் ஒரு ஸ்டில்ட் பிளஸ் மூன்று, அதாவது கீழே தூண் மட்டும் வைத்த கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி. கார் திரும்ப இடம் போதவில்லை என்று ஆர்க்கிடெக்ட் கடைசி நேரத்தில் ஒரு தூணைத் திருப்பச் சொன்னார். 300க்கு 600 தூண், நீளவாக்கில் இருந்தது குறுக்குவாக்கில் வர வேண்டும். நான் திருத்தி, ஆர்-2 (இரண்டாம் திருத்தம்) என்று போட்டு, மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். சைட் ஷெட் சுவரில் ஒட்டியிருந்தது ஆர்-1. கம்பி கட்டுகிறவர் போனையா பார்ப்பார், சுவரைத்தான் பார்ப்பார். ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரம்) கான்கிரீட் போட்டு மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், தூண் கம்பிகள் பழைய திசையிலேயே எழுந்து நிற்கின்றன.

வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே சாருக்கு போன் செய்தேன். குரல் நடுங்கியது. "யார் மேல தப்புன்னு நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு கம்பி எப்படி நிக்கும்னு யோசி" என்றார். நல்ல வேளையாக ஃபுட்டிங் சதுரம், தூணைத் திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. புதுக் கம்பிகள் வர வேண்டிய இடத்தில் துளை போட்டு, தூசியை ஊதி, பிரஷ் விட்டு, கம்பியைக் கான்கிரீட்டோடு ஒட்டும் கெமிக்கல் செலுத்திக் கம்பியைச் செருகி நிறுத்தினோம். எவ்வளவு ஆழம் என்று அன்று ராத்திரி நானும் சாரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். செலவை எங்கள் ஃபீஸில் கழித்துக்கொண்டார்கள். என் சம்பளத்தில் சார் கை வைக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆபீஸில் ஒரு விதி வந்தது: பழைய டிராயிங்கைக் கையில் வாங்கிக் கிழிக்காமல் யாரும் புது டிராயிங்கைக் கொடுக்கக் கூடாது. நான் இப்போது இருக்கும் இடத்திலும் அதைச் செய்கிறேன், பையன்கள் சிரிக்கிறார்கள்.

இனி உன் அப்பா கவலைப்படும் விஷயம். பிஎஃப் சட்டம் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான். இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, பிரசவ விடுப்பு எல்லாம் பத்துப் பேர் இருந்தால்தான். ஏழு பேர் என்றால் ஒன்றும் கிடையாது. சார் கெட்டவர் என்பதால் இல்லை, சட்டமே அவ்வளவு தூரம் வரவில்லை. 2018-இல் எனக்குக் குழந்தை பிறந்தபோது ஊரெல்லாம் 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் அப்போது ஏழு பேர். சார் மூன்று மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். அப்புறம் ஒரு கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார், "முடிஞ்சப்ப பண்ணு" என்று. அதே வருடம், இரண்டு தெரு தள்ளி இதே மாதிரி ஆபீஸில் இருந்த என் சிநேகிதிக்கு, "ரெஸ்ட் எடும்மா, அப்புறம் பாக்கலாம்" என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்தது. அந்த அப்புறம் வரவே இல்லை. கேட்க அவளுக்கு ஒரு காகிதம்கூட இல்லை. அதனால் நீ ஒரு சின்ன லெட்டராவது வாங்கு. சேர்ந்த தேதி, சம்பளம், இரண்டு வரி போதும். சிரித்தாலும் விடாதே.

ஏழு பேர் ஆபீஸ் என்றால் உண்மையில் அது ஒருவர்தான், மற்ற ஆறு பேரும் அவர் குணத்தில் இருக்கிறோம். ஆகவே ஆபீஸைப் பார்க்காதே, அவரைப் பார். சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா வந்து உட்காரட்டுமா என்று கேள். சாயங்காலம் டிராயிங் வெளியே போகும்போது கவனி. அவர் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரா, அல்லது போனில் பேசிக்கொண்டே போடுகிறாரா? இரண்டாவது வகை என்றால் சோழிங்கநல்லூர் பஸ்ஸைப் பிடி.


முட்டு ராசு எழுதியது:

நான் கான்ட்ராக்டர், தாம்பரம் ஏரியா. மேலே மேடம் எழுதியதில் சுவரில் ஒட்டிய டிராயிங் விஷயம் நூறு சதவீதம் உண்மை. என் ஷெட்டிலும் நடந்திருக்கிறது.

சைட்டிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். பெரிய ஆபீஸ் டிராயிங் பளபளவென்று இருக்கும், சந்தேகம் கேட்டால் மெயில் போடச் சொல்வார்கள். மெயிலுக்குப் பதில் வருவதற்குள் என் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். சின்ன ஆபீஸில் யார் வரைந்தாரோ அவரே போனை எடுப்பார். அது பெரிய உதவி. ஆனால் சைட்டுக்கு வரமாட்டார்கள். ஃபீஸில் மூன்று விசிட், நான்கு விசிட் என்று எழுதியிருப்பார்கள், அதற்கு மேல் கூப்பிட்டால் பெட்ரோல் கணக்குப் பார்ப்பார்கள்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஒரு வீட்டு ஓனர், ஸ்லாப் போட்டு எட்டு நாள்தான் ஆகிறது, முட்டைப் பிரித்துவிட்டுப் பூச்சு வேலையைத் தொடங்கு என்று உயிரை எடுத்தார். அந்த ஹால் பதினேழு அடி. கன்சல்டன்ட் ஆபீஸுக்கு போன் போட்டேன். உன் வயசுப் பையன். "சார் வந்ததும் கேட்டுச் சொல்றேண்ணா" என்றான். இரண்டு நாள் பதில் இல்லை. இதில் சாரைக் கேட்க என்ன இருக்கிறது? ஸ்லாப் நாலரை மீட்டர் வரைக்கும் ஏழு நாள், அதற்கு மேல் போனால் பதினாலு நாள். பீம் ஆறு மீட்டர் வரைக்கும் பதினாலு, தாண்டினால் இருபத்தொன்று. ஐஎஸ் 456-இல் இருக்கிறது, நான் பத்தாவது ஃபெயில், எனக்கே தெரியும். பதினேழு அடி என்றால் ஐந்து மீட்டருக்கு மேல். "பிரிக்காதீங்க, நான் சொன்னேன்னு ஓனர்கிட்ட சொல்லுங்க" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த ஆளோடு சண்டை போட வேண்டியதில்லை. சின்ன ஆபீஸில் சேர்ந்தால் இப்படிச் சொல்லப் பழகிக்கொள்.


நாலு மேசை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். கோவையில் நான்கு பேர் வைத்து இதே தொழில் செய்கிறேன். கம்பிக்கணக்கு அம்மா எழுதிய சார் மாதிரி நான் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வட்டம் போடப் பொறுமை கிடையாது, நானே திருத்திவிடுவேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

சம்பளம் ஏன் குறைவு என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் ஃபீஸ் துண்டு துண்டாக வரும். அட்வான்ஸ் கொஞ்சம், ஃபவுண்டேஷன் டிராயிங் கொடுத்தால் ஒரு பங்கு, அப்புறம் ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரு பங்கு. மொட்டை மாடி டிராயிங் கைக்குப் போனதும் எங்களால் அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கடைசிப் பங்கு அங்கேயே நின்றுவிடும். இருபது வருடத்தில் கடைசிப் பங்கை முழுதாகக் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் டீக்கடைக்காரர்.

ஒரு பில்டருக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு பில் போடுகிறேன் என்று வையுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,18,000. அவர் ஒரு லட்சத்தில் டிடிஎஸ் (என் வருமான வரிக்காக முன்பே பிடிப்பது) 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 1,08,000 கொடுப்பார். எப்போது என்பது அவர் இஷ்டம். ஆனால் ஜிஎஸ்டி 18,000 ரூபாயை, அவர் கொடுத்தாரோ இல்லையோ, நான் கட்டியாக வேண்டும். ஆக பில் போட்ட பாவத்துக்கு முதலில் நான் பணம் எடுத்து வைக்கிறேன். அதனால்தான் என் மாதிரி ஆட்கள் பில் போடாமல் ப்ரொஃபார்மா, அதாவது வரிக் கணக்கில் வராத மாதிரி பில், அனுப்பிக்கொண்டே இருப்போம்.

2006-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதற்கான சிறு நிறுவனப் பதிவை, உத்யம் என்பார்கள், செய்து சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஒரு தடவையும் புகார் கொடுத்ததில்லை. கொடுத்தால் அந்த பாக்கி வரும், அடுத்த வேலை வராது. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு மாற்றம். எங்களுக்குத் தர வேண்டியதைக் கெடு நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் வரைக்கும் அதை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இப்போது மார்ச் மாதம் வந்தால் அவர்கள் ஆடிட்டரே எனக்கு போன் செய்து, "சார், உங்க பேலன்ஸ் எவ்ளோ?" என்று கேட்கிறார். என் வாழ்க்கையில் கேட்டதிலேயே இனிமையான குரல்.

பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இரண்டு வருடம் கற்றுக்கொண்டு, மூன்றாம் வருடம் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், நானும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து போனேன். ஆனால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுத் தெரிவிக்காதீர்கள்.


புதுகைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி சாரிடம் கேட்டேன், "வா, ஆனா டீ வாங்கிட்டு வர்றது அன்னைக்கு நீதான்" என்றார். நேற்று முழு நாள் இருந்தேன். சாயங்காலம் அவர் ஒரு ஃபுட்டிங் டிராயிங்கை இருபது நிமிடம் பார்த்தார். அவர் வட்டம் போடுவதில்லை, பென்சிலால் ஒரு சின்ன கேள்விக்குறி போடுகிறார். அவருக்கு மூன்று தடவை போன் வந்தது, கவிழ்த்து வைத்துவிட்டார்.

லெட்டர் கேட்டேன். மறுபடி சிரித்தார், ஆனால் டைப் பண்ணிக் கொடுத்தார். அதிலேயே ஸ்பெல்லிங் தப்பு இருக்கிறது.

அப்பாவிடம் பிஎஃப் விஷயத்தைச் சொன்னேன். "நான் முப்பது வருசமா கட்டறேன், எனக்கு எவன் பிஎஃப் கொடுத்தான்?" என்றார். அது சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை.

அக்கா, ஒரு கேள்வி. அவ்வளவு நல்ல சார் என்றால் ஏன் விட்டீர்கள்?


கம்பிக்கணக்கு எழுதியது:

எதிர்பார்த்தேன் இந்தக் கேள்வியை.

சாருக்கு அறுபத்து நான்கு வயதில் கண்புரை வந்தது. ஆபரேஷன் பண்ணிக்கொண்டார், பார்வை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வட்டங்கள் குறைந்தன. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வேலை. பீம் டிராயிங்கில் ஒரு வட்டமும் இல்லாமல் கையெழுத்தாகி வந்தது. மறுநாள் காலை பிரிண்ட் போடும்போது பார்க்கிறேன், பி-4, பி-5 என்ற இரண்டு பீமுக்கும் கம்பி விவரத்தை நான் மாற்றி எழுதியிருக்கிறேன். பெரிய பீமுக்குச் சின்ன பீமின் கம்பி. டிராயிங் இன்னும் வெளியே போகவில்லை, அது ஒன்றுதான் நல்லது. எடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ பாத்துட்டேன்னு நெனச்சேம்மா" என்றார்.

நான் என்ன நினைத்தேன்? அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் எட்டு மாதம் இருந்தேன். ஒவ்வொரு டிராயிங்கையும் ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டாவது தடவை பார்ப்பேன். பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது, சிவப்பு பேனாவை எடுத்து அவளும் வட்டம் போடுவாள். தூக்கம் போனது. இன்னொரு சீனியரைச் சேர்க்கலாம் என்று சாரிடம் சொன்னேன். அந்தச் சம்பளம் ஆபீஸுக்குக் கட்டாது, அவர் சொன்னதும் நியாயம்தான். நாலு மேசை சார் எழுதிய கணக்கைப் பார்த்தால் உனக்கே புரியும். இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு, அறுபது பேர் இருக்கும் இடத்துக்கு வந்தேன். இங்கே ஒரு டிராயிங்கை மூன்று பேர் பார்க்கிறார்கள். சலிப்பாகவும் இருக்கிறது, சைட்டுக்குப் போய் வருடம் ஒன்றாகிறது, ஆனால் தூங்குகிறேன். சார் ஆபீஸை இப்போது மூன்று பேருக்குக் குறைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வீட்டு வேலை மட்டும் செய்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். ஈடேப்ஸ் நோட்டு இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது.

கேள்விக்குறி போடுகிற சாருக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை. அதையும் பார்த்துக்கொள்.

அப்புறம், திங்கட்கிழமை செருப்போடு போகாதே. சேஃப்டி ஷூ ஆபீஸில் தர மாட்டார்கள், பாரிமுனைப் பக்கம் போனால் கிடைக்கும். டேப் ஐந்து மீட்டர் வாங்கு, மூன்று மீட்டர் போதாது. இரண்டுக்கும் பில் வாங்கி வை. சார் நல்ல மூடில் இருக்கும் ஒரு நாள் மேசையில் வைத்துப் பார். என்னுடைய பில் 2013-இலிருந்து இன்னும் பாஸ் ஆகவில்லை.